சூப்பர் மார்க்கெட்டுக்கு இடம் பார்ப்பது: புதுச்சேரி புறநகர்க் கணக்கு

"மெயின் ரோடு சார், எந்நேரமும் கூட்டம்." புரோக்கர் சொல்லும் முதல் வரி இதுதான். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் வண்டியை நிறுத்தித் துவரம்பருப்பு வாங்குவார்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. ரெட்டியார்பாளையம், மூலக்குளம், லாஸ்பேட்டை, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் என்று புதுச்சேரியைச் சுற்றி வளர்ந்துவிட்ட பகுதிகளில் மளிகைக்குப் பஞ்சமே இல்லை. பெரிய கம்பெனிக் கடை ஒன்று, உள்ளூர் டிபார்ட்மென்டல் ஸ்டோர் இரண்டு, வீதிக்கு ஓர் அண்ணாச்சி கடை என்று ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது. இதில் நாலாவதாக நுழைகிறவர் இடத்தைத் தப்பாகப் பிடித்தால் ஆஃபர் போட்டெல்லாம் அதைச் சரிக்கட்ட முடியாது. ரேக்கை மாற்றலாம், மேனேஜரை மாற்றலாம், கட்டடத்தைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைக்க முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் 2,000 முதல் 4,000 சதுர அடி வரையிலான, ஏ.சி. போட்ட கடைக்கு. டிமார்ட் மாதிரி பெரிய கடைகளின் கணக்கு வேறு. அவர்கள் பெரும்பாலும் கட்டடத்தைச் சொந்தமாக்கிக்கொள்கிறார்கள், அதனால் வாடகை ஏறும் கவலை இல்லை. கார் வைத்திருக்கும் குடும்பம் ஐந்தாறு கிலோமீட்டர் தாண்டியும் மாதம் ஒருமுறை அங்கே போகும். நம் கடைக்கு வருகிறவர் ஸ்கூட்டரில் வாரம் ஒருமுறை வருவார், தயிர் தீர்ந்தால் நடந்தும் வருவார்.

முதலில் எவ்வளவு விற்க வேண்டும்

இடம் பார்க்கக் கிளம்புமுன் பிரேக் ஈவனை, அதாவது லாபமும் நஷ்டமும் இல்லாமல் நிற்க எவ்வளவு விற்க வேண்டும் என்பதை, போட்டுவிட வேண்டும். உதாரணத்துக்கு 3,000 சதுர அடி, சதுர அடிக்கு 45 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். வாடகை 1,35,000. பதினான்கு பேர் சம்பளம் சராசரி 15,000 வீதம் 2,10,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. 25,000. கரண்டும் டீசலும் 75,000. பை, பில் ரோல், சாஃப்ட்வேர், கார்டு கமிஷன், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 45,000. மொத்தம் 4,90,000 ரூபாய். கொள்முதல் விலையும் கழிவு, திருட்டு, காலாவதியும் போக விற்பனையில் 14 சதவீதம் மார்ஜின் நின்றால், மாதம் 35 லட்சம் விற்றால்தான் கை கடிக்காது. சராசரி பில் 420 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 278 பில்.

இந்தக் கணக்கில் பலரும் சறுக்குவது அந்த 14 சதவீதத்தில்தான். எம்.ஆர்.பி.க்கும் கொள்முதல் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து 18, 20 என்று எழுதிவிடுகிறார்கள். எண்ணெயிலும் சர்க்கரையிலும் நிற்பது மிகக் குறைவு. கம்பெனி சோப்பு, பிஸ்கட்டில் சுமார் பத்து. சொந்தமாகப் பாக்கெட் போடும் பருப்பு, மசாலா, பிளாஸ்டிக் சாமான், பாத்திரத்தில்தான் உண்மையில் காசு. காய்கறியில் 30 தெரியும். வாடல், அழுகல், எடைக்குறைவு போகப் பாதிதான் மிஞ்சும். பக்கத்தில் ஒரு பெரிய கடை இருந்தால் ஜனங்கள் நம்மிடம் எண்ணெயையும் சர்க்கரையையும் விலை ஒப்பிட்டுத்தான் வாங்குவார்கள். அப்போது மார்ஜின் 14-லிருந்து 12-க்கு இறங்கும். அதே செலவுக்கு விற்க வேண்டிய தொகை 35 லட்சத்திலிருந்து சுமார் 41 லட்சமாகிவிடும். வாடகையில் சதுர அடிக்கு மூன்று ரூபாய் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதை விட இந்த இரண்டு சதவீதம் பெரிது.

அந்தப் பணம் எந்த வீட்டில் இருக்கிறது

அடுத்து வீடுகள். வாக்காளர் பட்டியலைப் புரட்டி மக்கள்தொகையைச் சொல்வதை விட, வீதி வீதியாகப் போய் மீட்டர் போர்டை எண்ணுவது மேல். மாடியில் இரண்டு குடித்தனம் இருந்தால் மூன்று மீட்டர் இருக்கும், வெளியிலிருந்தே தெரியும். எண்ணும்போது இரண்டு வகை வீட்டைக் கழித்துவிட வேண்டும். ஒன்று, குடும்பம் பிரான்ஸில் இருக்க, இங்கே பூட்டிக் கிடக்கும் வீடு. புதுச்சேரியில் இது கணிசம்; மற்ற ஊர்க்காரர்கள் இதை எண்ண மறந்துவிடுவார்கள். இரண்டாவது, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் கடலோரமும் வார இறுதிக்கு வாடகைக்கு விடும் வீடு. அங்கே தங்குகிறவர் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் வாங்குவார், 26 கிலோ அரிசி மூட்டை வாங்க மாட்டார்.

4,000 வீடு, வீட்டுக்கு 8,000 ரூபாய் மளிகை என்று வைத்தால் சந்தை 3.2 கோடி. நமக்கு வேண்டியது 35 லட்சம், அதாவது 11 சதவீதம். காகிதத்தில் பார்க்கச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 8,000-இல் நமக்கு எட்டாத பணம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பால் பெரும்பாலும் பாண்லே (புதுச்சேரிக் கூட்டுறவுப் பால்) பூத்துக்குப் போகிறது. மீனும் கறியும் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு. காய்கறியில் ஒரு பங்கு உழவர் சந்தைக்கும் தள்ளுவண்டிக்கும். ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் அரிசி விற்பனை குறையும். இதெல்லாம் போக வீட்டுக்கு 4,500 ரூபாய் மிஞ்சினால் சந்தை 1.8 கோடிதான், 35 லட்சம் என்பது அதில் 19 சதவீதத்துக்கு மேல். ஐந்து வீட்டில் ஒரு வீட்டின் முழு மளிகையும் நம்முடையதாக வேண்டும். பழைய கடைகளுக்கு நடுவே அது லேசில் நடக்கிற காரியமில்லை.

பாண்லேயைப் பற்றி இன்னொன்று. கூட்டுறவு பூத் தினமும் காலை மாலை ஆளை வீட்டை விட்டு வெளியே கொண்டுவருகிறது. பால் விற்று ஆள் பிடிப்பது நம்மால் ஆகாது என்பதால், பூத்துக்கு இரண்டு கடை தள்ளி இடம் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை தரலாம். மெடிக்கல் ஷாப், டியூஷன் சென்டர், பெண்கள் தையல் கடை ஆகியவற்றின் பக்கமும் நல்லதே.

வரைபடத்தில் வட்டம் போடுவதன் வம்பு

கூகுள் மேப்பில் கடையை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் வட்டம் போடுவதுதான் வழக்கமான முறை. புதுச்சேரியில் அந்த வட்டம் பொய் சொல்லும். லாஸ்பேட்டையில் விமான நிலையச் சுவர் குறுக்கே நிற்கிறது. கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட் இருக்கிறது. அரியாங்குப்பத்துக்கு முன்னால் ஆறு. விழுப்புரம் சாலையில் நடுவே மீடியன், யூ-டர்ன் எங்கேயோ. வரைபடத்தில் 400 மீட்டர் தள்ளி இருக்கும் வீடு, வண்டியில் வர ஒரு கிலோமீட்டர் ஆகும்.

இது எவ்வளவு பாதிக்கும் என்று பார்க்க ஒரு பழைய சூத்திரம் உதவும். அமெரிக்காவில் டேவிட் ஹஃப் என்ற ஆய்வாளர் 1963-இல் கொடுத்தது. கடையின் பரப்பளவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அந்தக் கடையின் இழுப்பு கிடைக்கும். எல்லாக் கடைகளின் இழுப்பையும் கூட்டி, நம் இழுப்பு அதில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். ஒரு குடியிருப்பில் உள்ள வீடுகளுக்கு நம் 3,000 சதுர அடிக் கடை அரை கிலோமீட்டர், 6,000 சதுர அடிப் போட்டிக் கடை ஒரு கிலோமீட்டர், 800 சதுர அடி அண்ணாச்சி கடை 300 மீட்டர் என்போம். இழுப்பு முறையே 12,000, 6,000, சுமார் 8,900. நமக்கு 45 சதவீதம். இப்போது நடுவில் மீடியன் வந்து நமக்கான தூரம் ஒரு கிலோமீட்டர் ஆகிவிட்டது. நம் இழுப்பு 3,000-க்கு விழும். பங்கு 17 சதவீதம். அண்ணாச்சி எதுவும் செய்யாமலே பாதிச் சந்தையை எடுத்துக்கொள்வார். கடை அதே, சரக்கு அதே, விலை அதே.

உண்மையில் ஜனங்கள் இப்படிக் கணக்குப் போட்டு நடக்க மாட்டார்கள்தான். பரப்பளவு என்பதும் இங்கே சரக்கு வகையின் அடையாளம் மட்டுமே. 6,000 சதுர அடியில் பாதி ரேக் காலியாகக் கிடந்தால் அது 6,000 அல்ல. ஆனாலும் இரண்டு இடங்களில் எது மேல் என்று ஒப்பிட இது போதும். தூரத்தை மட்டும் வரைபடத்தில் அளக்கக் கூடாது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் போய் அளக்க வேண்டும்.

வீடு திரும்பும் பக்கம்

மளிகை வாங்குவது பெரும்பாலும் வேலை முடிந்து திரும்பும்போது. அதனால் ஊரிலிருந்து வெளியே போகும்போது இடது கைப்பக்கம் இருக்கும் கடைக்கு ஒரு படி மதிப்பு கூடுதல். விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம் நோக்கிப் போகிறவர்களுக்கு அது தெற்குப் பக்கம். கடலூர் சாலையில் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் போகிறவர்களுக்குக் கிழக்குப் பக்கம். முத்தியால்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பம் பக்கம் போகிறவர்களுக்கு மேற்குப் பக்கம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. விழுப்புரம் சாலையில் தெற்குப் பக்கக் கடை வடக்கு பார்த்திருக்கும். வெயில் தொல்லை குறைவு. கடலூர் சாலையில் வீடு திரும்பும் பக்கமான கிழக்குப் பக்கக் கடை மேற்கு பார்த்துத்தான் இருக்கும். மூன்று மணி முதல் ஆறு மணி வரை முழுக் கண்ணாடி முகப்பில் வெயில் அடிக்கும். முன்னால் வைத்த சாக்லேட் இளகும், எண்ணெய் பாக்கெட்டின் நிறம் மாறும், கல்லாவில் இருப்பவர் திரையை இழுத்துவிடுவார், வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கடை மூடியிருப்பது போலத் தெரியும். அதற்காக இடத்தை விட்டுவிட வேண்டாம். ஆறடிக்குக் குறையாத வெயில் தடுப்புப் பந்தல் போட ஓனர் சம்மதிக்கிறாரா, அதற்கு இடம் விட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஏ.சி.யை இரண்டு டன் கூட்டிக்கொள்ளலாம்.

பாலம் விஷயத்திலும் கவனம் வேண்டும். அரும்பார்த்தபுரம் போல மேம்பாலம் ஏறும் இடத்தில், பாலத்தின் தோளருகே இருக்கும் கடைக்கு மேலே போகும் வண்டிகளால் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. கீழே சர்வீஸ் ரோட்டில் வருகிறவர் மட்டும்தான் வாடிக்கையாளர். இந்திரா காந்தி சிலைக்கும் ராஜீவ் காந்தி சிலைக்கும் இடையே உயர்மட்டப் பாலத்துக்கு 2025 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படி வேலை நடக்கவிருக்கும் சாலையில் வாடகை மலிவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. தூண் எழும்பும் வருஷங்களில் கடைக்கு முன்னால் தகரம் அடைத்திருக்கும்.

எண்ணும் நாள், எண்ணும் நேரம்

வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு இரவு வரை புதுச்சேரிச் சாலைகளில் ஓடுவது பாதி வெளியூர் வண்டி. அன்றைக்கு எண்ணினால் எந்த இடமும் தங்கமாகத் தெரியும். உள்ளூர்க்காரர்கள் அந்த நேரத்தில் மெயின் ரோட்டுப் பக்கமே வரத் தயங்குவார்கள் என்பதுதான் நடப்பு. செவ்வாய் அல்லது புதன், மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை எண்ணுங்கள். நம்பர் பிளேட்டைப் பார்த்து பி.ஒய். வண்டி தனி, டி.என். தனி, மற்றது தனி என்று மூன்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். தவளக்குப்பம் பக்கம் டி.என். 31, அதாவது கடலூர் வண்டி, அதிகம் வரும். அவர்களில் தினமும் வேலைக்கு வந்து திரும்புகிறவர் உண்டு. அவரை வாடிக்கையாளராகக் கணக்கில் சேர்க்கலாம். சுற்றுலா வண்டியைச் சேர்க்கக் கூடாது.

மாதத்தில் இரண்டு தடவை எண்ண வேண்டும்: ஐந்து தேதிக்குள் ஒருமுறை, இருபதுக்கு மேல் ஒருமுறை. அரசு ஊழியர்களும் ஓய்வூதியம் வாங்குகிறவர்களும் நிறைந்த லாஸ்பேட்டை, கோரிமேடு பக்கம் முதல் பத்து நாளில் விற்பனை குவியும், கடைசிப் பத்து நாள் காற்றாடும். தினக்கூலியும் சிறு வியாபாரமும் அதிகம் உள்ள பகுதியில் ஏற்ற இறக்கம் குறைவு. ஆனால் பில் சிறியது, பத்து ரூபாய்ப் பாக்கெட் அதிகம். முதல் வகை இடத்துக்குச் சரக்கில் முடங்கும் பணம் அதிகம் வேண்டும். இரண்டாவது வகைக்குக் கல்லாவில் ஆள் அதிகம் வேண்டும்.

போட்டிக் கடையின் வியாபாரத்தைத் தெரிந்துகொள்ள உளவாளி தேவையில்லை. காலை திறந்ததும் ஒரு தீப்பெட்டி, இரவு மூடுமுன் ஒரு தீப்பெட்டி வாங்கி இரண்டு பில் நம்பரையும் கழித்தால் அன்றைய பில் எண்ணிக்கை வந்துவிடும். ஒவ்வொரு கல்லாவுக்கும் தனி வரிசை எண் இருந்தால் எல்லாக் கல்லாவிலும் வாங்க வேண்டியிருக்கும். பில்லின் மேல் பகுதியில் கவுண்டர் எழுத்து இருக்கிறதா என்று பார்த்தால் அது புரிந்துவிடும். வாசலில் அரை மணி நேரம் நின்று, கையில் ஒரு பையோடு வெளியேறுகிறவர் எத்தனை, இரண்டு பைக்கு மேல் தூக்குகிறவர் எத்தனை என்று பார்த்தால் பில்லின் அளவும் ஓரளவு பிடிபடும். அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றிவிட ஆள் வெளியே வருகிறானா என்பது இன்னும் நல்ல அடையாளம். மூட்டை வாங்கும் வீடு மாத மளிகை முழுவதையும் அங்கேதான் வாங்குகிறது; அந்த வீட்டைப் பறிப்பது கஷ்டம்.

போட்டிக் கடைக்கு எதிரிலேயே கடை போடலாமா? பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. அந்த வீதிக்கு மளிகை வாங்கத்தான் வருகிறோம் என்ற பழக்கத்தை முதல் கடை ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருக்கிறது. இரண்டாவது கடைக்கு அது இலவசம். ஆனால் முதல் கடையின் காய்கறி வாடலாக இருந்தால், பார்க்கிங் இல்லாவிட்டால், மாலையில் கல்லா முன் பத்துப் பேர் நின்றால் மட்டும்தான் சிறிய கடைக்கு இந்த உத்தி பலிக்கும். அங்கே எல்லாம் சரியாக இருந்தால் விலையில்தான் மோத வேண்டும். கம்பெனியோடு விலையில் மோதி ஜெயித்த தனிக்கடை அரிது.

எல்லைக் கோடு

புதுச்சேரியின் நிலப்பரப்பு துண்டு துண்டாகக் கிடப்பது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். வெளியூர்க் கம்பெனிக்குத்தான் தலைவலி. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. வீடுகளைப் பார்த்தால் எல்லை எங்கே என்றே தெரியாது. மளிகைக் கணக்கில் மட்டும் அது இரண்டு தேசம் மாதிரி.

லாஸ்பேட்டையில் குடோனும் கோட்டக்குப்பத்தில் கடையும் வைத்தால் இரண்டு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்: புதுச்சேரிக்கு 34 என்று தொடங்குவது ஒன்று, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்குவது ஒன்று. குடோனிலிருந்து கடைக்குப் போகும் வரி விதிக்கும் சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனையாகவே பார்க்கப்படும், ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலங்களுக்கு இடையிலான ஜி.எஸ்.டி.) போட்டு பில் எழுத வேண்டும், மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய ஆன்லைன் சீட்டு). தூரம் சில கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு லோடுக்கும் காகிதம். வரி திரும்பக் கிடைக்கும், நேரம் திரும்பாது. டிஸ்ட்ரிபியூட்டரும் மாறுவார். கம்பெனிகள் புதுச்சேரிக்குத் தனி ஏஜென்சி வைத்திருக்கும். அவர் எல்லை தாண்டிச் சரக்குப் போட மாட்டார். தமிழ்நாட்டு ஏஜென்சி திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வாரம் ஒருமுறை லைனுக்கு வருவார். வாரம் ஒருமுறை சரக்கு வரும் கடை, இரண்டு முறை வரும் கடையை விட ஏறக்குறைய இரு மடங்கு சரக்கை குடோனில் வைத்திருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் வாடகை குறைவாக இருப்பதன் லாபத்தில் பாதி இதிலேயே கரையும்.

முதல் கடை புதுச்சேரியில் என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் புதுச்சேரிக்குள்ளேயே இருக்கட்டும். எல்லை தாண்டுவதென்றால் இரண்டு கடையாகத் தாண்டுங்கள். கோட்டக்குப்பத்தில் ஒரே ஒரு கடைக்காகத் தனிக் கணக்கு, தனி உரிமம், தனி ஏஜென்சி உறவு எல்லாம் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகாது.

கட்டடம்

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். அந்த மழையைக் கண்ட சுவர்களில் கறை இன்னும் பல இடங்களில் தெரியும். பக்கத்துக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து, கறையின் உயரத்தை டேப் வைத்து அளந்து, நாம் எடுக்கும் கட்டடத்தின் தரைமட்டம் அதற்கு ஓரடியாவது மேலே இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த கட்டடம் என்றால் பின்பக்கச் சுவரையும் மீட்டர் பெட்டியின் துருவையும் பாருங்கள். ரேக்கின் கீழ்த்தட்டில் இருப்பது அரிசி, பருப்பு, சோப்புத் தூள். அரையடித் தண்ணீர் வந்தாலே கீழ்த்தட்டுச் சரக்கு முழுவதும் போச்சு. ஆனால் தரைமட்டத்தை மூன்றடி தூக்கினால் ஆறு படி வந்துவிடும். முழங்கால் வலிக்காரர்கள் படியைப் பார்த்தே எதிர்க்கடைக்குப் போவார்கள். சரிவுப் பாதைக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அந்த இடம் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்துதான் போகும். சாலை ஒவ்வொரு தடவை போடும்போதும் உயர்வதையும் மறக்கக் கூடாது.

தூண்கள். இரண்டு பக்க ரேக் ஒன்று சுமார் மூன்றடி, நடைபாதை நாலடி, ஆக ஏழடிக்கு ஒரு வரிசை. தூண் இடைவெளி பதினான்கு அடி இருந்தால் எல்லாத் தூணும் ரேக்குக்குள் மறைந்துவிடும். வீட்டுக்காகவோ ஆபீசுக்காகவோ கட்டின பன்னிரண்டு அடி இடைவெளியில் பாதிக்குப் பாதித் தூண்கள் நடைபாதையில் வந்து நிற்கும். கூடை பிடித்த இருவர் எதிரெதிரே கடக்க முடியாது. அந்த வரிசை செத்த வரிசையாகிவிடும். ஓனர் கொடுக்கும் பிளானில் ரேக்கை வரைந்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

குடோனை மாடியில் வைக்கலாம் என்பார்கள். குடியிருப்புத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்கும், சில்லறைக் கடைத் தளம் 400 கிலோவுக்கும் வடிவமைக்கப்படுவது இந்தியத் தரநிலைப்படி வழக்கம். 26 கிலோ அரிசி மூட்டையைப் பத்து அடுக்கினால் 260 கிலோ. அது உட்காரும் இடம் சுமார் 0.35 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு 740 கிலோ. வீட்டு மாடியை குடோனாக்குகிறவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. (25 கிலோ வரையிலான பாக்கெட்டுக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின்தான் மூட்டை 26 கிலோ ஆனது. தளத்துக்கு இந்த ஒரு கிலோ பொருட்டில்லை, அடுக்கும் உயரம்தான் பொருட்டு.)

வண்டி நிறுத்துமிடத்தில் கடைக்காரர்கள் கொஞ்சம் கற்பனையில் வாழ்கிறார்கள். நாளைக்கு 278 பில்லில் 45 சதவீதம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை என்றால் மணிக்கு சுமார் 40 பில். மாத முதல் வார ஞாயிறில் இது 80 ஆகும். ஒருவர் இருபது நிமிஷம் உள்ளே இருந்தால் ஒரே நேரத்தில் 27 பேர். அதில் 70 சதவீதம் இருசக்கர வண்டி என்றால் 19 வண்டி. ஒரு வண்டிக்கு இரண்டரை அடி வீதம் 48 அடி அகலம். முகப்பு 30 அடி என்றால் 12 வண்டிதான் நிற்கும். மீதி ரோட்டில் நிற்கும், போலீஸ் சங்கிலி போடும், அடுத்த வாரம் அந்த ஆள் வர மாட்டார். பக்கவாட்டில் பத்தடிச் சந்து இருந்தால் பிரச்சினை தீரும். பக்கத்தில் கல்யாண மண்டபம் இருந்தால் முகூர்த்த நாளில் நம் இடத்தையும் அவர்களே நிரப்பிவிடுவார்கள். மதுக்கடைக்கு அருகே என்றால் ஏழு மணிக்கு மேல் பெண்கள் வருவது குறையும். புதுச்சேரியில் மதுக்கடை இல்லாத நூறு மீட்டர் கிடைப்பது கஷ்டம்தான், ஆனாலும் ஒட்டினாற்போல இருப்பதைத் தவிர்க்கலாம்.

சரக்கு இறக்க 14 அடி லாரி பின்பக்கம் வந்து திரும்ப முடிய வேண்டும். குறுக்கே தாழ்வான கேபிள் ஒயர், பக்கத்து வீட்டு பால்கனி, மரக்கிளை மூன்றையும் பாருங்கள். கோயம்பேட்டிலிருந்து இரவில் கிளம்பும் காய்கறி வண்டி விடியுமுன் வந்து நிற்கும்; இறக்கும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் சண்டை வந்தால் முன்வாசலில் இறக்க நேரும்.

மின்சாரம்: ஏ.சி. மட்டும் 18 முதல் 20 டன், அதாவது சுமார் 22 கிலோவாட். கூலர், ஃப்ரீசர், விளக்கு எல்லாம் சேர்த்து 35 கிலோவாட் வரை போகும். ஓனர் "த்ரீ ஃபேஸ் இருக்கு" என்பதோடு நிற்காமல், பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று பாருங்கள். கூடுதல் லோடுக்கு விண்ணப்பிப்பது யார், டெபாசிட் யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஜெனரேட்டர் வைக்கப் பின்னால் இடம் வேண்டும். கடலுக்கு அருகே, முத்தியால்பேட்டை, குருசுக்குப்பம் பக்கம், ஏ.சி. வெளி யூனிட்டின் தகடுகளும் ஷட்டரும் உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கும். வெளி யூனிட்டை மொட்டை மாடியில் கடல் பார்த்து வைக்காமல் மறைவாக வைக்க இடம் உண்டா என்று பாருங்கள்.

ஒப்பந்தம்

11 மாத ஒப்பந்தம் வீட்டுக்குச் சரி, இதற்குச் சரியில்லை. உள் வேலைக்கு சதுர அடிக்கு 1,200 ரூபாய் போட்டாலும் 36 லட்சம் சுவரோடு சுவராகப் போகிறது. ஒன்பது வருஷம், பதிவு செய்த குத்தகை. ஓனர் ஒன்பது வருஷமும் காலி செய்யச் சொல்லக் கூடாது, நமக்கு மட்டும் முதல் மூன்று வருஷம் லாக்-இன், அதாவது அதற்குள் நாமும் காலி செய்ய முடியாது. வாடகை ஏற்றம் வருஷத்துக்கு 5 சதவீதமா, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீதமா என்றால் இரண்டாவதை எடுங்கள். 45 ரூபாய் வாடகையில் முதல் வகையில் மூன்றாம் வருஷமே 49 ரூபாய் 61 பைசா கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், கடை இன்னும் கால் ஊன்றியிருக்காது. உள் வேலை நடக்கும் 45 முதல் 60 நாளுக்கு வாடகை கிடையாது என்று எழுதிவிடுங்கள். அந்த நாள் சாவி கையில் வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும், ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல.

வாடகைக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. ஓனர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர், அதனால் வரி இல்லை என்று புரோக்கர் சொன்னால் நம்ப வேண்டாம். 2024 அக்டோபர் 10 முதல் அப்படிப்பட்ட ஓனருக்குப் பதில் வாடகைதாரரே அந்த வரியைக் கட்ட வேண்டும். கட்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்தான்; ஆனால் வரியில்லாத லூஸ் அரிசி, காய்கறி விற்பனைக்கு ஏற்ற பங்கு திரும்பாது. 1,35,000 வாடகைக்கு மாதம் 24,300 வரி. அதில் மூன்றில் ஒரு பங்கு திரும்பாமல் போனால் 8,100 ரூபாய். பிரேக் ஈவன் தாளில் அதற்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

சாலை அகலப்படுத்துவதில் முகப்பு இடிபட்டால் வாடகை எந்த விகிதத்தில் குறையும், முகப்பில் பத்தடிக்கு மேல் போனால் லாக்-இன் ரத்தாகுமா, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும் என்பதையும் அதே பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். விழுப்புரம் சாலையிலும் கடலூர் சாலையிலும் எடுக்கும் எந்தக் கட்டடத்துக்கும் இது பொருந்தும். அளவுக் கல் எங்கே நட்டிருக்கிறது என்று சர்வேயரை வைத்துப் பார்க்க ஒரு அரை நாள் போதும்.